பால்மியின் மூடிக்கிண்ணம்

கிஸ்லி ஈரலைத் திருப்பிப் பார்த்தான், முகத்தைச் சுளித்தான், தோளுக்கு மேலாகப் பின்பக்கம் வீசினான். அது தரையைத் தொடவே இல்லை. டீரா எகிறி அந்தரத்திலேயே கவ்விக்கொண்டு சுவரோரமாக ஓடியது. பனி விழுவதற்கு முன்னால் ஆடு அறுக்கும் இந்த ஒரு வாரம்தான் அந்தக் கறுப்பு நாய்க்கு வருஷத்துப் பண்டிகை.

"அது எத்தனாவது?" என்று கேட்டாள் ராக்னா. வாளியிலிருந்த ரத்தம் உறைந்துவிடாமல் கையாலேயே கிண்டிக்கொண்டிருந்தாள். முழங்கை வரை சிவந்திருந்தது.

"எது எத்தனாவது?"

"நீர்க்கட்டி விழுந்த ஈரல்."

"அதெல்லாம் யாரு எண்ணினா? கிழட்டு ஆடுன்னா இருக்கத்தான் செய்யும். நாய் திங்குது, வீணாப் போகல. நீ ரத்தத்தப் பாரு அக்கா, கட்டி தட்டுது."

கிஸ்லி பண்ணையாள். பத்து வருஷமாக அந்த வீட்டில் இருப்பவன். ராக்னா கேட்கிற கேள்விகளில் பாதிக்குப் பதில் இல்லை, மீதிப் பாதிக்குப் பதில் சொன்னால் வேலை நடக்காது என்பது அவனுக்கு முதல் வருஷமே புரிந்துவிட்டது. நாற்பத்தாறு வயதிலும் அவளுக்கு அந்தக் குணம் போகவில்லை. கரையில் ஒதுங்கிய சீல் என்ற கடல் மிருகத்தின் கண்ணை ஒருமுறை கத்தியால் பிளந்து, இரவுச் சாப்பாட்டை மறந்து உட்கார்ந்திருந்தவள் அவள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தம்பி பால்மியின் மனைவி பிரசவத்தில் செத்த பிறகு, அவன் வீட்டையும் அவன் பெண்ணையும் ராக்னாதான் பார்த்துக்கொண்டாள்.

அந்தப் பெண் ரூனா, ஏழு வயது, தாழ்ந்த வாசலிலிருந்து குனிந்து வெளியே ஓடிவந்தாள்.

"அத்தை, அப்பா உன்னக் கூப்பிடறாரு. சிரிக்கிறாரு. ஆனா மூஞ்சி வேற மாதிரி இருக்கு."

ராக்னா வாளியைக் கிஸ்லியிடம் தள்ளிவிட்டு எழுந்தாள்.

பால்மியின் வயிறு ஒன்பது வருஷமாக வளர்ந்து வந்தது. முதலில் வலது விலாவுக்குக் கீழே ஒரு முட்டை அளவு. பிறகு முஷ்டி அளவு. கடைசியில் தயிர்ப்பானையைக் கவிழ்த்து வைத்த மாதிரி ஆகி, குதிரை ஏற முடியாமல் படுத்துவிட்டான். ஆற்றில் விழுந்த வருஷம் ஈரல் குளிர்ந்துவிட்டது என்றார்கள் சிலர். பாறாங்கல் தூக்கினதால் என்றார்கள் சிலர். அந்தப் பள்ளத்தாக்கில் ஐந்தாறு வீட்டுக்கு ஒருவருக்கு இப்படி வயிறு உண்டு, அதனால் யாரும் அதிசயமாகப் பார்க்கவில்லை. இரண்டு நாள் குதிரைப் பயணத் தூரத்தில் இருந்த வைத்தியர் வசந்தத்தில் வந்து அமுக்கிப் பார்த்து, சூடுபோட்டுத் துளைத்துத் தண்ணீரை எடுக்க வேண்டும் என்றார். "ஆடு அறுக்கிறத நான் பாத்திருக்கேன் ஐயா, போதும்" என்று பால்மி அனுப்பிவிட்டான்.

எல்லோரும் படுத்து, உண்டு, கம்பளி பின்னி வாழும் அந்த நீள அறையின் கோடிக் கட்டிலில் அவன் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தான். மடியில் முகம் கழுவும் பாத்திரம்.

"அக்கா, உள்ள என்னமோ விட்டுக்குடுத்துச்சு. ஒரே ஒரு இருமல், அவ்வளவுதான். வாய் முழுக்க உப்புத் தண்ணி. வந்துகிட்டே இருந்துச்சு." அவன் போர்வையை விலக்கிக் காட்டினான். "இங்க பாரு. கால் கட்டைவிரல் தெரியுது. ரெண்டு வருஷம் ஆச்சு நானும் அதுவும் பாத்துக்கிட்டு."

வயிறு பாதியாக இறங்கியிருந்தது. தம்பி பிழைத்துக்கொண்டான் என்றுதான் ராக்னா முதலில் நினைத்தாள். அந்தச் சந்தோஷத்தில் அவன் தலையில் ரத்தக் கையோடு ஒரு தட்டுத் தட்டினாள்.

பிறகு பாத்திரத்தைப் பார்த்தாள்.

தண்ணீர் ஓடைத் தண்ணீர் போலத் தெளிவாக இருந்தது. அதில் அவித்த முட்டையின் உள்தோல் மாதிரி வெள்ளைச் சவ்வுகள் மிதந்தன. சவ்வுகளுக்கு நடுவே உருண்டைகள். குண்டூசித் தலை அளவு, பட்டாணி அளவு, ஒன்றிரண்டு ஆலாப் பறவையின் முட்டை அளவு. ஒவ்வொன்றுக்குள்ளும் தண்ணீர். அவள் ஒரு விரலால் தொட்டாள். உருண்டை வழுக்கிக்கொண்டு ஓடியது.

"என்ன அக்கா, குஞ்சு பொரிச்சிருக்கனா?"

"பேசாம இரு. ஆட்டாத."

"என் வயித்துலேர்ந்து வந்தது, நான் ஆட்டக் கூடாதா?"

"பால்மி, இத எங்கேயோ பாத்திருக்கேன்."

"நீ எதத்தான் பாக்கல. பசிக்குது. நாலு மாசத்துல மொத தடவையா நெஜமாவே பசிக்குது. இன்னிக்கு செஞ்ச ரத்தக்களி இருக்கா?"

அடுப்பில் முதல் பை வெந்து இறங்கியிருந்தது. ஆட்டுக் குடல்பையில் ரத்தமும் ரை தானிய மாவும் கொழுப்பும் சேர்த்துத் தைத்து வேகவைத்த களி. அதை அறுத்து, வெண்ணெய் வைத்து, அவனுடைய கிண்ணத்தில் கொண்டு வந்தாள். அந்த வீட்டில் ஒவ்வொருவருக்கும் சொந்தமாக ஒரு மூடிக்கிண்ணம் உண்டு. பால்மியின் கிண்ணம் கடல் ஒதுக்கிய மரத்தில் அவர்களுடைய அப்பா குடைந்தது. மூடியில் கொடியும் இலையும், நடுவில் பால்மியின் பெயரும். அவனுக்குப் பிறகு அது ரூனாவுக்கு என்பது பேசாமலே முடிவான விஷயம்.

பால்மி ஆசை ஆசையாக நாலு வாய் தின்றான். பிறகு மூச்சு வாங்கியது. புறங்கையைச் சொறிந்தான். கிண்ணத்தை நீட்டினான்.

"போதும். டீராவுக்கு வை."

ராக்னா கிண்ணத்தைக் கட்டிலுக்குக் கீழே தரையில் வைத்தாள். பத்து வயதிலிருந்து அவள் செய்துவந்த வேலை அது. சாப்பிட்டு முடிந்ததும் கிண்ணங்கள் தரைக்கு வரும், நாய் நக்கும், அடுத்த வேளைக்கு அதே கிண்ணம் மடிக்குப் போகும். ஓடையிலிருந்து தண்ணீர் சுமந்து, காய்ந்த ஆட்டு எருவை எரித்து வெந்நீர் போட்டுக் கிண்ணம் கழுவ யாருக்கு நேரம்? அதோடு, நாயின் நாக்கில் மருந்து இருக்கிறது என்று பள்ளத்தாக்கு மொத்தமும் நம்பியது. கையில் வெட்டுப்பட்டால் நாயிடம் நீட்டுகிற ஜனங்கள்.

டீரா வாயெல்லாம் ஈரல் வாசனையோடு உள்ளே வந்து கிண்ணத்தை மூலை விடாமல் துடைத்தது. பிறகு கட்டிலில் முன்னங்கால் வைத்து பால்மியின் கையை நக்கியது.

"ரூனா, இங்க வா" என்றான் பால்மி. "ஒருவேளை நான் இல்லாமப் போனேன்னா, டீராவ யாரும் பட்டினி போடக் கூடாது. தெனமும் என் கிண்ணத்த அதுக்கு வைக்கணும். என் கிண்ணத்த. வேற எதையும் இல்ல. சத்தியம் பண்ணு."

"நீதான் நல்லாயிட்டியே."

"நல்லாயிட்டவன் கேட்டா பண்ணக் கூடாதா?"

ரூனா அவன் உள்ளங்கையில் அடித்துச் சத்தியம் செய்தாள்.

ராக்னா இதையெல்லாம் அரைக் காதில்தான் கேட்டாள். பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு முற்றத்துக்குப் போய்விட்டாள். எங்கே பார்த்தோம் என்பது அவளுக்கு ஞாபகம் வந்துவிட்டது.

"கிஸ்லி, அடுத்த ஈரல எறியாத."

இரண்டு ஆடு தள்ளி ஒன்று அகப்பட்டது. ஈரலின் மேல்பக்கம் ஒரு வெளுத்த வீக்கம். அவள் கத்தி முனையால் கீறினாள். தெளிந்த தண்ணீர் பீச்சியது. உள்ளேயிருந்து முட்டைத் தோல் போல ஒரு வெள்ளைச் சவ்வு வழுக்கி வெளியே வந்தது. அதை எடுத்துப் பாத்திரத்திலிருந்த சவ்வின் பக்கத்தில் போட்டாள். கொஞ்ச நேரத்தில் எது ஆட்டுடையது, எது தம்பியுடையது என்று அவளுக்கே தெரியவில்லை.

கிஸ்லி எட்டிப் பார்த்தான். "ரெண்டும் ஒண்ணுதான். அதுக்கென்ன?"

"அதுக்கென்னவா? ஆட்டோட உடம்புல இருக்கிறது மனுஷனுக்குள்ள எப்படிப் போச்சு?"

"அவரு ஆட்டுக்காரரு. போயிருக்கும்."

அவள் உள்ளே திரும்பியபோது பால்மியின் முகம் தடித்திருந்தது. உதடு வீங்கி, கழுத்து முழுக்கச் சிவப்புத் தடிப்பு. ரூனா அவன் முதுகைச் சொறிந்துகொண்டிருந்தாள். மூச்சு விசில் அடித்தது.

"எங்க போன?" என்று கேட்டான்.

"அது ஆட்டோடதுடா. ஆட்டு ஈரல்ல இருக்கிற அதே கட்டி. பக்கத்துல வெச்சுப் பாத்தேன்."

பால்மி யோசித்தான். மூச்சுக்குத் தவிக்கிற நேரத்திலும் யோசித்தான். அக்காவின் குணம் அவனுக்கும் கொஞ்சம் உண்டு.

"நாம வேகவெச்சுத்தானே தின்னோம்?" என்றான். "பச்சையா ஒரு நாளும்..."

அவ்வளவுதான். அதற்குப் பிறகு மூச்சு மட்டும்தான் இருந்தது, அதுவும் மதியக் காப்பிக்கு முன்னால் நின்றுவிட்டது. ராக்னா அவன் கையை விடவில்லை. அந்தக் கை முழுக்கக் காய்ந்த ஆட்டு ரத்தம், அவள் கையிலிருந்து ஒட்டியது. டீரா கட்டிலுக்குக் கீழே படுத்திருந்தது.

பெட்டி செய்ய ஐந்து நாள் ஆனது. பக்கத்துப் பண்ணை ஸ்டெய்னாவின் புருஷன்தான் பள்ளத்தாக்கில் பலகை வைத்திருப்பவன். அதுவரை பால்மி சாமான் கொட்டகையில், நெஞ்சின் மேல் ஜெபப் பாட்டுப் புத்தகத்தோடு கிடந்தான். ஆனால் ஆடுகள் காத்திருக்காது, பனிக்காலமும் காத்திருக்காது. அறுப்பு நடந்துகொண்டே இருந்தது. ராக்னா களி தைத்தாள், கொழுப்பு உருக்கினாள், மறைவில் அழுதாள். அழுகைக்கு நடுவில் அவன் கடைசியாகக் கேட்ட கேள்வி வந்து வந்து நின்றது. வேகவைத்துத்தானே தின்றோம். நியாயமான கேள்வி. கேட்டவனுக்குப் பதில் சொல்லாமல் அனுப்பியது அவளுக்குத் தாளவில்லை.

மூன்றாம் நாள் அவனுடைய படுக்கை வைக்கோலை எரிப்பதற்காக அள்ளியபோது, சுவர்ப் பலகை இடுக்கில் காற்று வராமல் திணித்து வைத்திருந்த காகிதச் சுருள் கையில் அகப்பட்டது. பிரித்தாள். எது என்று உடனே தெரிந்தது.

பல வருஷத்துக்கு முன்னால் தேவாலயம் வழியாக எல்லா வீட்டுக்கும் வந்த சின்னப் புத்தகம். கடல் தாண்டி, ராஜா இருக்கிற கோபன்ஹேகனில் அச்சடித்தது. வயிற்று வீக்கத்தையும் நாயையும் பற்றி எழுதியிருந்தது. ஒரு சாயங்காலம் எல்லோரும் கம்பளி பின்னிக்கொண்டிருக்க அவள்தான் சத்தமாகப் படித்தாள். நாலாம் பக்கம் தாண்டுவதற்குள் பால்மி விழுந்து விழுந்து சிரித்தான். "ராஜாவுக்கு வேற வேலை இல்ல போல. கடல் தாண்டி நம்ம நாயோட பின்பக்கத்த ஆராய்ச்சி பண்றாரு" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். ராக்னாவும் சிரித்தாள், சிரித்துப் புத்தகத்தை மூடினாள். அந்த வருஷம்தான் அவன் விலாவுக்குக் கீழே முதல் முட்டை தென்பட்டது.

இப்போது வெளிச்சமான ஜன்னலுக்கு அடியில் உட்கார்ந்து எழுத்து எழுத்தாகப் படித்தாள். வயிற்றுக் கட்டி உள்ளே உடைந்தால் அந்தத் தண்ணீரே ஆளைத் தடிக்கவைத்து மூச்சை நிறுத்திவிடும். ஆட்டின் கட்டிக்குள் மணல் மாதிரி இருப்பது ஒவ்வொன்றும் ஒரு புழுவின் தலை. நாய் அதைத் தின்றால் நாயின் குடலில் அது புழுவாகிறது. அரிசி மணியைவிடச் சிறிய புழு, ஒரு நாய்க்குள் ஆயிரக்கணக்கில். நாய்க்கு ஒரு கஷ்டமும் தெரியாது. புழு முட்டையிடும். முட்டை கண்ணுக்குத் தெரியாது. நாயிடமிருந்து அது எப்படி மனிதனுக்கு வருகிறதென்றால்...

அடுத்த பக்கங்கள் இல்லை.

அவள் முற்றத்துக்கு வந்தாள். "கிஸ்லி, இதுல பாதிய யாரு கிழிச்சது?"

கிஸ்லி பார்த்தான். "நான்தான். பொகையிலை மடிக்க எடுத்தேன். நல்ல தாளு."

"அதுல என்ன எழுதியிருந்துச்சு?"

"படிக்கிறவனா இருந்தா ஏன் அக்கா அதுல பொகையிலை மடிக்கிறேன்?"

அவனைத் திட்டுவதற்குக்கூட அவளுக்கு நேரமில்லை. புத்தகம் சொல்லாவிட்டால் என்ன, நாய் இருக்கிறது. பின்னல் ஊசியையும் கம்பளி நூலையும் எடுத்துக்கொண்டு டீராவின் பின்னால் கிளம்பினாள். அந்த ஊரில் பெண்கள் நடந்தபடியே பின்னுவது வழக்கம்தான், அதனால் யாருக்கும் வித்தியாசமாகப் படவில்லை. அன்று காலை முழுக்க, திருட்டுப் பயலைக் கண்காணிக்கிற மாதிரி அதைக் கண்காணித்தாள்.

டீரா எரு மேட்டில் போய் உட்கார்ந்து எழுந்தது. திரும்பி வந்து வெயிலில் படுத்து, காலை அகட்டி, பின்பக்கத்தைப் பொறுமையாக நக்கிச் சுத்தம் செய்தது. அதே நாக்கால் முதுகு முடியை நீவியது. ரூனா வந்து கழுத்தைக் கட்டிக்கொண்டாள். நாய் அவள் காதை நக்கியது. ரூனா நாயைக் கட்டிக்கொண்ட அந்தக் கையாலேயே காய்ந்த மீனைக் கிழித்து வெண்ணெயில் தொட்டுத் தின்றாள். இத்தனை வருஷமாக இதே முற்றத்தில் நடந்தது. ராக்னா இதைப் பார்க்காதவள் அல்ல. ஆனால் ஒன்றை அடுத்து ஒன்றாக, விடாமல், ஒரு நாள்கூடப் பார்த்ததில்லை.

மத்தியானம் சாப்பாடு முடிந்தது. கிஸ்லி வழக்கம்போலக் கிண்ணத்தைக் கீழே வைத்தான். டீரா வந்தது. அந்த நாக்கு கிண்ணத்துக்குள் போனது, மரத்தின் ஒவ்வொரு கீறலுக்குள்ளும் போனது.

ராக்னாவின் கையில் பின்னல் நின்றுவிட்டது.

பச்சையாகத் தின்றது பால்மி இல்லை. நாய். ஆட்டிலிருந்து நாய்க்கு ஈரலை எறிந்தது கிஸ்லி, அதற்கு முன்னால் அப்பா, சின்னப் பிள்ளைகளாக இருந்தபோது அவளும் பால்மியும்கூட. நீர்க்கட்டியைப் பந்து மாதிரி தூக்கிப் போட்டு எந்த நாய் பிடிக்கிறது என்று பந்தயம் வைத்திருக்கிறார்கள். நாயிடமிருந்து பால்மிக்கு வந்த வழிதான் பாக்கி. அந்த வழி அவள் கைதான். பத்து வயதிலிருந்து, ஒரு நாளைக்கு மூன்று வேளை, தம்பியின் கிண்ணத்தை நாய்க்கு வைத்து, எடுத்து, அதிலேயே அவனுக்குச் சோறு போட்டது அவள்.

சாமான் கொட்டகைக்குப் போய்ப் பால்மியின் பக்கத்தில் நின்றாள். "நான் தெரிஞ்சா வெச்சேன்?" என்றாள். அவன் முகத்தில் வீக்கம் வடிந்து பழைய பால்மியாக இருந்தான். "வேகவெச்சுத்தான் தின்ன. களி வெந்துதான் இருந்துச்சு. கிண்ணம்தான் வேகல." சொல்லி முடித்ததும் அழுகை பொங்கியது, அங்கேயே ஒரு மூட்டையின் மேல் உட்கார்ந்து அழுது தீர்த்தாள்.

வெளியே வந்ததும் ரூனாவைப் பிடித்து நிறுத்தி, சட்டையைத் தூக்கி, வலது விலாவுக்குக் கீழே நாலு விரலால் அமுக்கினாள்.

"அத்தை, கூசுது" என்று நெளிந்து சிரித்தாள் ரூனா.

மெத்தென்று இருந்தது. கல்லும் இல்லை, முட்டையும் இல்லை. ஆனால் ஏழு வயதில் பால்மியின் வயிறும் இப்படித்தான் மெத்தென்று இருந்தது. உள்ளே ஏதாவது போயிருக்கிறதா, போகவில்லையா என்று தெரிய இன்னும் பத்து வருஷம் ஆகும், இருபதுகூட ஆகலாம். போனதை எடுக்க முடியாது. இனிமேல் போகாமல் பார்க்கலாம், அவ்வளவுதான்.

அன்று சாயங்காலம் கிஸ்லியைக் குழி தோண்டச் சொன்னாள்.

"எதுக்கு?"

"கட்டி விழுந்த ஈரல் எல்லாம் அதுக்குள்ள போகணும். ஒண்ணுகூட நாய்க்கு எறியக் கூடாது."

"ஈரலுக்கு அடக்கம் பண்றதா? பால்மிக்கே இன்னும் பண்ணல."

சொன்ன பிறகுதான் சொல்லியிருக்கக் கூடாது என்று அவனுக்குப் பட்டது. மறுபேச்சில்லாமல் மண்வெட்டியை எடுத்தான். மண் பாதி உறைந்திருந்தது. இடுப்பளவு தோண்டுவதற்குள் இருட்டிவிட்டது.

ஆறாம் நாள் அடக்கம். பெட்டி குதிரை மேல் ஏறி ஆற்றங்கரையோரமாகத் தேவாலயத்துக்குப் போனது. போதகர் பால்மியைப் பொறுமைசாலி என்றார். பால்மி ஒரு நாளும் பொறுமைசாலியாக இருந்ததில்லை என்று எல்லோருக்கும் தெரியும், இருந்தாலும் தலையாட்டினார்கள். மண் போட்டுவிட்டு எல்லோரும் வீட்டுக்கு வந்து நீள அறையில் கட்டிலுக்கு மூன்று பேராக நெருங்கி உட்கார்ந்தார்கள். ராக்னா திராட்சை போட்ட அரிசிக் கஞ்சியும், ஆட்டிறைச்சியும், அந்த வாரத்துக் களியும் பரிமாறினாள். வந்தவர்களோடு அவர்களுடைய நாய்களும் வந்திருந்தன, நாலு. டீராவோடு ஐந்து. கட்டில்களுக்கு நடுவே வாலாட்டிக்கொண்டு முறைக்குக் காத்திருந்தன.

ஸ்டெய்னா முதலில் சாப்பிட்டு முடித்தாள். கிண்ணத்தைக் கீழே வைக்கக் குனிந்தாள். ராக்னா வந்து அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள்.

"கீழ வேணாம். என்கிட்ட குடு. வெந்நில கழுவிக்கிறேன்."

"எதுக்குடி வெந்நி? நாய் இருக்கே."

"நாய் வேணாம்."

ராக்னா அடுத்த கட்டிலுக்கு நகர்ந்தாள், அடுத்த கிண்ணத்தை வாங்கினாள். கைமேல் கையாக ஆறு கிண்ணம் சேர்ந்துவிட்டது.

"எங்க நாய்ங்க உங்க வீட்டுக் கிண்ணத்துக்குத் தகுதி இல்லையா?" என்றாள் ஸ்டெய்னா. அவள் கோபக்காரி இல்லை, ஆனால் வாய்க்குப் பூட்டு கிடையாது. "தாத்தா காலத்துலேர்ந்து நக்குது. யாரு செத்தா?"

கேட்டுவிட்டு அவளே விழித்தாள்.

"பால்மி செத்தான்" என்றாள் ராக்னா. "உன் மாமியார் செத்தா. மேட்டு வீட்டுல அண்ணனும் தங்கச்சியும் செத்தாங்க. எல்லாருக்கும் வயிறு. அவன் வயித்துலேர்ந்து வந்தத நான் பாத்தேன் ஸ்டெய்னா. ஆட்டு ஈரல்ல இருக்கிறதேதான். ஆடு நாய்க்குக் குடுக்குது, நாய் கிண்ணத்துக்குக் குடுக்குது, கிண்ணத்த நான் அவனுக்குக் குடுத்தேன். முப்பத்தாறு வருஷமா நான்தான் குடுத்தேன்."

போதகர் தன் கஞ்சியைப் பார்த்தார். நம்பியவர் ஒருவரும் இல்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. துக்கத்தில் பேசுகிறாள், பேசட்டும் என்று விட்டுவிட்டார்கள். அதுகூட ஒரு மரியாதைதான்.

ரூனா எழுந்தாள். அவள் கையில் பால்மியின் மூடிக்கிண்ணம் இருந்தது. யாருக்கும் தெரியாமல் அலமாரியிலிருந்து எடுத்து, தன் களியில் பாதியை அதில் போட்டு வைத்திருந்தாள்.

"நான் இத டீராவுக்கு வைக்கணும்" என்றாள். கிண்ணத்தை விடுவதாக இல்லை. "அப்பா கையில அடிச்சு சத்தியம் பண்ணேன். தெனமும் அப்பா கிண்ணத்த. மூணு நாளா நீ வைக்க விடல அத்தை."

"அதானே, செத்தவன் கேட்டுக்கிட்டது" என்று யாரோ முனகினார்கள்.

ராக்னா கிண்ணத்தைப் பார்த்தாள். அப்பா இரண்டு பனிக்காலம் உட்கார்ந்து குடைந்தது. கொடி, இலை, பெயர். நாளைக்கு ரூனா இதில் சாப்பிடுவாள், அவள் பிள்ளைகள் சாப்பிடுவார்கள். நாய் நக்கின கிண்ணத்தில். சத்தியத்தை உடை என்று ஏழு வயதுப் பெண்ணிடம், அதுவும் அப்பாவை மண்ணில் வைத்துவிட்டு வந்த நாளிலேயே, எப்படிச் சொல்வது?

பிறகு ரூனாவின் கையிலிருந்து கிண்ணத்தை வாங்கினாள். மூடியைக் கிண்ணத்தோடு பிடித்திருந்த எலும்பு ஆணியைக் கட்டைவிரலால் நெட்டித் தள்ளினாள். முதலில் அசையவில்லை. மறுபடி அமுக்கினாள். ஆணி தெறித்துத் தரையில் விழுந்தது. மூடி தனியாக வந்தது. அதை ஏப்ரனில் துடைத்து அலமாரியின் மேல்தட்டில் நிறுத்தி வைத்தாள். கீழ்ப் பாதியை ரூனாவிடம் திருப்பிக் கொடுத்தாள்.

"உங்க அப்பாவுக்குப் பண்ண சத்தியத்த நீ மீற வேணாம். இது இனிமே டீராவோடது. தெனமும் வை. ஆனா இதுல இனி மனுஷங்க யாரும் சாப்பிட மாட்டாங்க. இது வீட்டுக்குள்ள வராது. வாசலுக்கு வெளிய, அந்தக் கல்லு மேல. வெச்சுட்டு வந்து கையக் கழுவணும்."

"அடிப் பாவி, உங்கப்பா குடைஞ்சதையா நாய்க்குக் குடுக்கற?" என்றாள் ஸ்டெய்னா. அவள் கண் கலங்கிவிட்டது. "பொண்ணோட சொத்துடி அது."

"தெரியும்" என்றாள் ராக்னா.

ரூனா கிண்ணத்தை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு நடந்தாள். டீரா அவள் காலோடு உரசிக்கொண்டு போனது. மற்ற நாய்களும் பின்னாலேயே போயின. ராக்னா அடுப்பிலிருந்து வெந்நீரைச் சொம்பில் எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள். மலை முகட்டில் முதல் பனி தெரிந்தது. ரூனா கல்லின் மேல் கிண்ணத்தை வைத்தாள். டீரா தின்ன ஆரம்பித்தது. மற்ற நாலு நாயும் தள்ளி நின்று வேடிக்கை பார்த்தன.

"கைய நீட்டு."

ராக்னா ஊற்றினாள். ரூனா கையைக் கையோடு தேய்த்தாள். விரல் இடுக்கு, நகக்கண், மணிக்கட்டு. ஆவி பறந்தது.

"நாளைக்கும் கழுவணுமா?"

"நாளைக்கும்."

"டீராவுக்கு உடம்பு சரியில்லையா?"

"இல்ல. அது நல்லாத்தான் இருக்கு."

ரூனா அதை யோசித்தாள். "அப்பாவும் நல்லாயிட்டேன்னு சொன்னாரு" என்றாள்.

ராக்னா சொம்பில் மிச்சமிருந்த தண்ணீரை அந்தச் சின்னக் கைகளில் மறுபடி ஊற்றினாள். உள்ளே அறையில் பேச்சு திரும்பத் தொடங்கியிருந்தது. கிஸ்லி தன் கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டு வாசல் வரை வந்து, எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றான்.

டீரா கிண்ணத்தை மூலை விடாமல் துடைத்து முடித்தது. நிமிர்ந்து வாயைச் சுழற்றி நக்கிக்கொண்டது. பிறகு எப்போதும்போல ரூனாவிடம் வந்து, அவள் கையைத் தேடி மூக்கை நீட்டியது. ரூனா ஈரக் கைகள் இரண்டையும் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய்ப் பிடித்துக்கொண்டாள். நாய் இந்தப் பக்கம் வந்தது. அவள் அந்தப் பக்கம் திரும்பினாள். அது மறுபடி சுற்றி வந்தது.